“கஞ்சி குடிச்சாச்சு மக்ளே”: இரணியல் பக்கத்து அம்மைமாரின் பசியும் உடம்பும்

இரணியலைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு போகும்போது நாங்கள் முதலில் கேட்பது, “கஞ்சி குடிச்சாச்சா?” என்பதுதான். வரும் பதிலும் ஒன்றுதான். “குடிச்சாச்சு மக்ளே.”

பல வருடம் இந்தப் பதிலை அப்படியே நம்பினோம். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, எழுபது வயது தாண்டிய ஒரு அம்மையின் வீட்டில் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனோம். அடுப்பு எரிந்த அடையாளமே இல்லை. முந்தின நாள் சோறு தண்ணீர் ஊற்றி மூடியபடி தொடாமல் இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோதுதான் கவனித்தோம். அவருடைய ஜம்பர் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. “பசிக்கல்ல மக்ளே. வெத்திலை போட்டா பசி தெரியாது” என்றார். மேலும் கேட்க வேண்டாம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி இன்னொரு அக்கா இருக்கிறார். ஐம்பத்தாறு வயது. இருபத்தைந்து வருடமாக அண்டியாபீசில் கொட்டை உடைக்கிறார். அவருக்குப் பிரச்சினை நேர்மாறு. ஐந்து வருடத்தில் உடம்பு கூடிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால், “வாயைக் கட்டும்மா, இவ்வளவு தின்னா சர்க்கரை வராம என்ன செய்யும்?” என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லி அனுப்பினார்கள். அன்று முதல் பகலில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலையில் கட்டன் சாயா, மத்தியானம் இன்னொரு சாயா. இரவு ஒன்பதரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பானையில் மீந்ததை எல்லாம் சாப்பிடுகிறார். வயிறு நிறைந்த பிறகும் கை நிற்பதில்லை என்றார். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு படுக்கிறார். மறுநாள் மறுபடியும் பட்டினி.

ஒருவர் மெலிகிறார், ஒருவர் பெருக்கிறார். மருத்துவத்தில் இருவருக்கும் வேறு வேறு பெயர். ஆனால் இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு முடிவுகள் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்த வரலாறு நம் மாணவத் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் நம் அம்மைமாரைப் பார்த்து “ஏன் இப்படித் தின்கிறாய்” என்றோ “ஏன் தின்பதில்லை” என்றோ குற்றம் சொல்வதை நிறுத்துவோம்.

அளந்து கொடுக்கப்பட்ட சோறு

இரணியல் என்றால் பலருக்கும் அரண்மனைதான் நினைவுக்கு வரும். வேணாட்டு அரசர்கள் இருந்த ஊர். சிதிலமான அந்த அரண்மனையைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு நெல் எங்கிருந்து வந்தது, அதை நட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத ஆட்கள் குறைவு.

1836இல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த மக்கள்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். எட்டுப் பேரில் ஒருவர். புலையர், பறையர், குறவர் என நம் முன்னோர்தான் அவர்கள். நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். 1855 ஜூன் 24 அன்று வெளியான அரசாணையோடு அடிமை முறை சட்டப்படி முடிந்தது. சட்டம் முடிந்தபோது நிலம் கையில் வரவில்லை. அதே வயலில், அதே எசமானிடம், அதே நெல்லளவுக்குத்தான் வேலை தொடர்ந்தது.

இதில் உணவைத் தனியாகப் பாருங்கள். அடிமைக்குக் கூலி காசாக இல்லை, நெல்லாக அளக்கப்பட்டது. எவ்வளவு என்பதை அளப்பவர் முடிவு செய்தார். வேலை உள்ள நாளில் நெல், இல்லாத நாளில் ஒன்றுமில்லை. நடவிலும் அறுப்பிலும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மழை அடித்துப் பெய்யும் மாதங்களில் பட்டினி. அப்போது காட்டுக் கிழங்கும் கீரையும் வயல் நண்டும்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர், 1883இல் வெளிவந்த தம் நூலில் இந்தச் சாதிகளின் பசியை விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் மிஷனரிக் கண்ணோடு எழுதியவர். அதைக் கழித்துவிட்டுப் படித்தாலும் மிச்சம் இருப்பது கொடுமையாக இருக்கிறது.

எசமான் வீட்டில் கஞ்சி ஊற்றும் முறையை இன்றும் நம் மூத்தவர்கள் சொல்கிறார்கள். பாத்திரம் கிடையாது. மண்ணில் குழி பறித்து, இலையை அதில் அமுக்கி, தூரத்தில் நின்று ஊற்றுவார்கள். பிலாவிலையைக் குத்திக் கோரிக் குடிக்க வேண்டும். தாங்களே குடித்ததாகச் சிலர் சொல்கிறார்கள், தாய் குடித்ததைப் பார்த்ததாகச் சிலர்.

இதைக் கேட்ட பிறகுதான் “குடிச்சாச்சு” என்ற சொல் எங்களுக்குப் புரிந்தது. குழியில் ஊற்றும் கஞ்சியை மறுக்க ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே வழி, “வேண்டாம், வீட்டில் குடிச்சிட்டுத்தான் வந்தேன்” என்று சொல்வது. நேரடியாக மறுத்தால் அடி விழும். வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்னால் மானம் தப்பும். பசியோடு இருப்பதை மறைப்பது அன்று தன்மானமாக இருந்தது. அது தாயிடமிருந்து மகளுக்குப் பழக்கமாக வந்திருக்கிறது. இன்று எதிரில் நிற்பது எசமான் இல்லை, நாம்தான். ஆனாலும் வாய் பழைய பதிலையே சொல்கிறது.

நம் பெண்களின் உடம்பின் மீது யாருக்கு அதிகாரம் என்பதும் இதே மண்ணில் தெருச் சண்டையாக நடந்தது. 1822 முதல் 1859 வரை நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் கல்குளமும் இரணியலும் முக்கியமான களங்கள். 1859 ஜூலையில் வந்த அரசாணை நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கொடுத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அடிமைச் சாதிப் பெண்கள் அந்த ஆணையின் கணக்கிலேயே இல்லை. என்ன உடுத்தலாம், எப்படி நிற்கலாம், எதில் குடிக்கலாம் என்று எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்த உடம்பு அது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதும் அந்தப் பட்டியலில் ஒன்று.

பசி ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்றால் வயலில் இறங்க மாட்டோம் என்று அய்யன்காளி தலைமையில் திருவிதாங்கூரின் விவசாயக் கூலிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டினி போட்டால் பணிந்துவிடுவார்கள் என்று நிலவுடைமையாளர்கள் நினைத்தார்கள். விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்கள் நம் ஆட்களுக்குக் கடலில் வேலை கொடுத்து அடுப்பு எரிய வைத்தார்கள். அந்த நாட்களில் பானையில் இருந்ததைப் பங்கு வைத்தவர்கள் பெண்கள். பங்கு வைப்பவருக்குக் கடைசியில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை ஊகிக்க ஆவணம் தேவையில்லை.

கிழங்கும் வெற்றிலையும்

1860இல் பருவமழை பொய்த்துத் தெற்குத் திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தது. அடிமை முறை ஒழிந்து ஐந்தே வருடம். கையில் நெல்லில்லாத ‘விடுதலை’ பெற்றவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பினார். மேட்டு நிலத்திலும் விளையும், மழை குறைந்தாலும் தாங்கும். ஏழைகளின் வயிறு கிழங்கால் நிறைந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. பாதி அரிசியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த திருவிதாங்கூர் தடுமாறியது. அந்த வருடங்களில் கிழங்கும் கிடைக்காமல் போன கதைகளை எங்களிடம் சொன்ன பாட்டிமார் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய மகள்கள்தான் இன்று எழுபது, எழுபத்தைந்து வயதில் “பசிக்கல்ல” என்று சொல்கிறார்கள்.

கிழங்கு வயிற்றை நிறைக்கும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. மீன் சேர்த்தால்தான் அது சாப்பாடு. சாளை வாங்கக் காசு இருந்த நாளில் மீன் துண்டு முதலில் ஆம்பிளைக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. பெண்ணுக்குக் கிழங்கும் குழம்பும்.

இதற்கு மருத்துவச் சாட்சியம் இரணியலிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் கலந்துகொண்ட ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்திருந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயே பணியாற்ற முடிவெடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். அவரிடம் கூட்டம் கூட்டமாக வந்தது சிறுகுடல் தொடக்கத்தில் புண் வந்தவர்கள். இந்தப் பகுதியில் அந்த நோய் ஏன் இவ்வளவு என்ற கேள்வியை அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர் ஐ. எம். ஓரும் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். சந்தேகம் உணவின் மேல் விழுந்தது.

அதே காலத்தில் குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவைத் தின்ற எலிகளில் கால் பங்குக்கும் மேல் வயிற்றுப் புண் வந்தது. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபின் சீக்கியர் உணவைத் தின்ற எலிகளுக்கு வரவில்லை. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமி காரணம் என்பது 1982க்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்காக 2005இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆகவே எல்லாவற்றையும் கிழங்கின் மேல் போட முடியாது. ஆனால் இந்த மண்ணின் ஏழைகள் எவ்வளவு மோசமான உணவில் வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது.

இரண்டாவது சாட்சியம் வெற்றிலை. 1933இல் லான்செட் இதழில் ஓர் எழுதிய கட்டுரை, திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றியது. வெற்றிலையோடு சேரும் புகையிலையை அது சுட்டிக்காட்டியது. நம் பெண்கள் புகையிலை போட்டதை ‘கெட்ட பழக்கம்’ என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் புகையிலை பசியை மரக்கச் செய்யும். நாற்று நடும் பெண்ணுக்கு மத்தியானக் கஞ்சி வரும்வரை தாங்குவதற்கு அதுதான் கிடைத்தது. இன்றும் அண்டியாபீசில் முந்தானையில் முடிந்த வெற்றிலைப் பொதி சும்மா இருப்பதில்லை.

நெய்யூரின் வயிற்றுப் புண் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நோய் ஆண்களுக்கு அதிகம் வருவது ஒரு காரணம். ஆனால் வயிற்று வலிக்குப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழக்கம் எத்தனை வீட்டில் இருந்தது? பெண்ணின் வயிறு பிரசவத்துக்காக மட்டுமே பதிவேட்டில் ஏறியது. இந்தக் குறை இன்னும் தீரவில்லை.

நோய்க்குப் பெயர் வைத்தவர்கள்

சாப்பாட்டோடு மனம் மல்லுக்கட்டுவதை இன்று ‘உண்ணல் கோளாறு’ என்கிறார்கள். பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது, தின்ற பிறகு தன்னையே வெறுப்பது எல்லாம் இதில் வரும். இதன் முதல் பெயர்களில் ஒன்றான ‘அனோரெக்சியா’வை லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1873இல் விவரித்தார். தட்டில் உணவு இருந்தும் சாப்பிட மறுத்த இளம்பெண்கள்தான் அவருடைய நோயாளிகள். நான்கு வருடம் கழித்து, 1877இல், சென்னை மாகாணத்தில் பஞ்சம். ஒரு நாள் முழுதும் வேலை செய்யும் கூலிக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். ஏறக்குறைய 450 கிராம். சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். அங்கே தின்ன மறுப்பது நோயானது, இங்கே தின்னக் கொடுக்க மறுப்பது நிர்வாகமானது. நோயின் இலக்கணம் அந்த முதல் கூட்டத்தை வைத்துத்தான் எழுதப்பட்டது. இளவயது, வெள்ளைத் தோல், வசதியான வீடு. எழுபது வயதுப் புலையர் பெண் அந்தப் படத்தில் எங்கே வருவார்?

நம் அம்மைமாருக்குப் பொருந்தும் ஆய்வு வேறு இடத்தில் கிடைக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். கால் பங்கு எடை போனது. நாள் முழுதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். பட்டினி முடிந்து உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு வலிக்கும் அளவு தின்றும் பசி போகவில்லை. எடை பழைய அளவைத் தாண்டியது. அவர்களுக்கு முன்பு எந்த மனக்கோளாறும் இல்லை. பட்டினிதான் அதை உண்டாக்கியது. ஆறு மாதத்துக்கே இப்படி என்றால், வருடா வருடம் மழைக்காலத்தில் பட்டினி கிடந்து வளர்ந்த உடம்புக்கு என்ன ஆகும்?

2017இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில், இலவச உணவு வாங்க வந்த ஏழை மக்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. வீட்டில் உணவுத் தட்டுப்பாடு கூடக் கூட, அடக்க முடியாமல் தின்பதும் கூடியிருந்தது. உண்ணல் கோளாறு பணக்காரர் நோய் என்ற நம்பிக்கையை அது அசைத்தது. 2012இல் வெளியான இன்னொரு ஆய்வு, 50 வயது தாண்டிய 1,849 அமெரிக்கப் பெண்களைக் கேட்டதில், நூற்றுக்குப் பதின்மூன்று பேரிடம் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஆனால் ‘இது பதினெட்டு வயசுப் பிள்ளைகளின் பிரச்சினை’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அண்டியாபீஸ் அக்கா பகலில் பட்டினி கிடந்து இரவில் அடக்க முடியாமல் தின்பது மின்னசோட்டா இளைஞர்கள் செய்ததுதான். அவரை மருத்துவமனையில் திட்டியவர் அவருக்குக் கொடுத்த மருந்தும் பட்டினிதான். ‘வாயைக் கட்டு’ என்ற அந்தச் சொல்தான் பகல் பட்டினியைத் தொடங்கி வைத்தது.

நாற்பத்தொன்பதோடு நிற்கும் தராசு

இன்றைய கணக்குக்கு வருவோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அதே 2019-21இல் எடை குறைந்த பெண்கள் 12.6 சதவீதம், ரத்தச்சோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். எடை கூடியும் ரத்தம் குறைந்தும் இருக்கும் பெண்கள் நம் குடியிருப்பில் ஏராளம். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு எடை பார்க்கும் பெண்கள் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்கள். பிள்ளை பெறும் வயது முடிந்ததும் தராசு நின்றுவிடுகிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று 2017-18இல் 72,000 பேருக்கு மேல் சந்தித்து ஒரு தேசிய ஆய்வு நடந்தது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் எடை குறைந்தவர்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் எடை கூடியவர்கள். இந்த ஆய்வாலும் நம் குடியிருப்பின் நிலையைச் சொல்ல முடியாது. குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர்தான். மாவட்டச் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் நம் அம்மைமார் தெரிய மாட்டார்கள். எழுத்தறிவில் முதல் மாவட்டம் என்ற பெருமையின் கீழும் இப்படித்தான் மறைந்து போகிறார்கள்.

நடுவயதில் எடை ஏறுவதற்கு உடம்புக் காரணமும் உண்டு. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு மாறுகிறது, தசை குறைகிறது. எல்லாச் சாதிப் பெண்களுக்கும் இது பொது. ஆனால் அது எந்த உடம்பில் நடக்கிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் எடை குறைவு, தசை குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் பசி வயிற்றிலிருக்கும் பிள்ளையின் உடம்பை இப்படி அமைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். நம் பாட்டியின் பட்டினி நம் அம்மையின் சர்க்கரையில் வந்து நிற்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

உணவும் மாறியது. 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி. இது பெரிய உரிமை, இதைக் கேலி செய்பவர்களோடு நாங்கள் சண்டை போடுவோம். பட்டினிச் சாவை அது தடுத்தது. ஆனால் கிழங்கும் சம்பா அரிசியும் பயறும் இருந்த இடத்தில் இப்போது மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. பருப்பு ஒரு கிலோ, மீனுக்குக் காசு இல்லை. நிலம் இல்லாதவர்கள் கிழங்கு போட இடமும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. அதுவும் நல்லது. ஆனால் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெற்றிலையோடு போடுகிற அம்மையிடம் “நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்கும் கட்டம் நோட்டில் இல்லை.

வேலையிடமும் காரணம். 1948 தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவகமும், 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பிட அறையும் வேண்டும் என்றது. அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும் சிறு அண்டியாபீசுகளுக்கு அது எட்டியதே இல்லை. தரையில் உட்கார்ந்து உடைத்த கை கருத்திருக்கும், எண்ணெய் பட்டால் தோல் வெந்திருக்கும். அந்தக் கையால் பிசைந்து சாப்பிடப் பிடிக்காமல் மத்தியானத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். கழிப்பறை சரியில்லாததால் தண்ணீரையும் தள்ளிப்போடுகிறார்கள். எடைக்கு எடை கூலி என்பதால் சாப்பிடும் அரைமணியும் நட்டம்.

நம் பந்தியில் கடைசி ஆள்

எல்லாவற்றையும் எசமான் மீதும் அரசு மீதும் போட்டுவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. இரண்டு வருடம் முன்பு நாங்களே ஒரு நாள் பயிலரங்கு நடத்தினோம். பொருள்: சாதியும் உணவும். எண்பது பேருக்குச் சாப்பாடு. சமைத்தவர்கள் குடியிருப்பின் பெண்கள், எல்லோரும் ஐம்பதுக்கு மேல். எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். கடைசிப் பந்தியில் மீன் குழம்பு தீர்ந்தது. பிறகு சோறும். அவர்கள் எங்களிடம் சொன்னது, “நாங்க ருசி பாத்தே வயிறு நெறஞ்சுட்டு மக்ளே.” நாங்கள் அதையும் நம்பினோம். மேடையில் உணவு அரசியல் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அடுக்களையில் ஆறு பேர் பட்டினி. மறுநாள் பாத்திரம் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரைக்கு ஒரு தொடக்கம் உண்டென்றால் அன்றைய வெட்கம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்களில் சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காருகிறார்கள். ஆண் தோழர்கள் பரிமாறுகிறார்கள். முதல் இரண்டு தடவை அம்மைமார் கூச்சப்பட்டு எழுந்துவிட்டார்கள். “பிள்ளைகளு தின்னட்டு, பொறவு பாக்கலாம்” என்றார்கள். மூன்றாவது தடவை உட்கார்ந்தார்கள்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறோம்.

வீட்டில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்காதீர்கள். அதற்கு நூற்றைம்பது வருடப் பழைய பதில் தயாராக இருக்கிறது. “நேத்து காலைல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, யாரோட?” என்று கேளுங்கள். மூன்று நாள் எழுதி வையுங்கள். உங்கள் சமூகவியல் வகுப்பில் படிக்கும் எந்தப் பாடத்தையும் விட அந்தத் தாள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இறங்கினால், ‘வயசாச்சு, மெலியத்தான் செய்யும்’ என்று விடாதீர்கள். சர்க்கரை, காசநோய், தைராய்டு, புற்று, மனச்சோர்வு, பல் இல்லாமை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். வெற்றிலை போடுபவர் என்றால் வாயையும் காட்டச் சொல்லுங்கள்.

எடை கூடியவரைப் பட்டினி போடாதீர்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். பகலில் இரண்டு தடவை முட்டையோ பயறோ மீனோ சேர்த்துச் சாப்பிட்டால் இரவின் வெறி குறையும். சாப்பிட்டுவிட்டு அழுகிறார், ஒளித்துத் தின்கிறார், வாந்தி எடுக்கிறார், பேதி மாத்திரை போடுகிறார் என்றால் அது கொழுப்பு இல்லை, திமிரும் இல்லை. மனநல உதவி வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற அரசு எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அமைப்பாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. எடை பார்க்கும் கணக்கெடுப்பு 49 வயதோடு நிற்கக் கூடாது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரின் நோட்டில் எடைக்கும் உணவுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அண்டியாபீஸ் சிறிதாக இருந்தாலும் கை கழுவ இடமும் சாப்பிட இடமும் கழிப்பறையும் வேண்டும். ரேஷனில் அரிசியோடு பயறும் கூடுதல் பருப்பும் வேண்டும்.

அந்த எழுபது வயது அம்மையின் வீட்டுக்கு இப்போது நாங்கள் சும்மா போவதில்லை. யாராவது ஒருவர் மத்தியானம் சோற்றுப் பொதியோடு போய், அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். தனியாக இருந்தால் அவர் சாப்பிட மாட்டார், கூட ஆள் இருந்தால் சாப்பிடுகிறார். போன வாரம் சாளைக் கறி எடுத்துப் போனோம். பெரிய மீனை எங்கள் தட்டில் வைக்கப் பார்த்தார். நாங்கள் திருப்பி அவர் தட்டில் வைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஜெய்பீம்.